வீல்சேரோடும் வெள்ளைக்கோலோடும் வெளிநாட்டில் படிக்க: யாரிடம், எப்போது, என்ன கேட்பது

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றித் தமிழில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. ஐஇஎல்டிஎஸ் எப்படி எழுதுவது, எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) என்ன சொல்வது, கல்விக் கடன் எங்கே சீக்கிரம் கிடைக்கும், பார்ட் டைம் வேலைக்கு என்ன வழி, எல்லாம் வரும். குளியலறைக் கதவு எத்தனை அங்குல அகலம், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் யாருக்கு எழுதுவது, துணைக்கு அம்மா வர விசா கிடைக்குமா என்பதெல்லாம் வராது. ஏஜென்சியில் போய்க் கேட்டால் "அங்கெல்லாம் சூப்பரா பார்த்துப்பாங்க, கவலையே படாதீங்க" என்பார்கள். பார்த்துக்கொள்வார்கள்தான், ஆனால் முன்கூட்டியே, எழுத்தில், துல்லியமாகக் கேட்டவர்களை. அந்தக் கேட்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் வீல்சேரில் இருப்பவன், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் நீளமாகவே போகும். பார்வை, செவித்திறன் சம்பந்தப்பட்டதை நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில் சேர்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால் அதற்கு முந்தின வருடம் மார்ச், ஏப்ரலிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மற்றவர்கள் ஒரு வருடத்தில் முடிப்பது நமக்கு ஒன்றரை வருடம் எடுக்கும். ஒவ்வொரு இடத்திலும் தனியாக ஒரு கடிதம், தனியாக ஒரு ஒப்புதல் என்று வந்துகொண்டே இருக்கும்.

சதவீதம் அங்கே செல்லாது

நம் ஊரில் எல்லாம் சதவீதம்தான். ஜி.எச்.சில் மருத்துவக் குழு முன்னால் போய் உட்கார்ந்து 40 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால்தான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இட ஒதுக்கீடு. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நிறம்கூட அந்த எண்ணை வைத்துத்தான். அதனால் எங்கே போனாலும் சான்றிதழை நீட்டி "80 சதவீதம்" என்று சொல்லியே பழகிவிட்டோம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் அவர்களுக்கு அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாது. அவர்கள் கேட்பது வேறு: இவரால் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை, அந்த இடத்தில் நாங்கள் என்ன மாற்றித் தர வேண்டும்?

ஆகவே முதல் வேலை, மருத்துவரிடம் புதிதாக ஒரு கடிதம் வாங்குவது. ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணும் தேதியும் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும். உள்ளே வர வேண்டியவை: என்ன குறைபாடு, அது நிரந்தரமா மாறக்கூடியதா, படிப்பிலும் அன்றாட வாழ்க்கையிலும் அது எங்கே தடுக்கிறது, இதுவரை என்ன வசதி பயன்படுத்தி வந்திருக்கிறார், இனி என்ன தேவை. "போலியோ பாதிப்பு, 80 சதவீதம்" என்ற ஒரு வரிக்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இவர் ஊன்றுகோலோடு சுமார் 100 மீட்டர் நடப்பார், அதற்கு மேல் வீல்சேர் வேண்டும். படி ஏற முடியாது. கையால் 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுதினால் வலி வருகிறது, ஆனால் கணினியில் தட்டச்சு செய்வார். கல்லூரித் தேர்வுகளை ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதுபவர்) வைத்து எழுதியிருக்கிறார். தேர்வில் கணினியும் 50 சதவீதக் கூடுதல் நேரமும் பரிந்துரைக்கிறேன்."

அரசு மருத்துவருக்கு இதை உட்கார்ந்து யோசித்து எழுத நேரம் இருக்காது, அது அவர் தப்பும் இல்லை. நீங்களே வரைவை அடித்து எடுத்துப் போங்கள், அவர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடட்டும். டிஸ்லெக்ஸியா, ஏடிஹெச்டி மாதிரி இருந்தால் பள்ளிக்கூடக் காலத்து ரிப்போர்ட் பெரும்பாலும் போதாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டிடம், பெரியவர்களுக்கான அளவுகோலில், புதிதாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஸ்கிரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்கிரைப்பும் மணிக்கு 20 நிமிடம் ஈடுசெய் நேரமும் என்பது பழகிப்போன ஏற்பாடு. அங்கே பார்வையற்ற மாணவர் என்றால் பெரும்பாலும் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) உள்ள கணினியைக் கொடுத்து நீங்களே எழுதுங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்னால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை (இலவசம்தான்) நன்றாகக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தட்டச்சு வேகம், பிடிஎஃப்பில் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிப்பது, எக்செல்லில் வேலை செய்வது, இவை ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணை விட முதல் செமஸ்டரில் அதிகம் கைகொடுக்கும்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பது: முதலில் துணையாளர் கேள்வி

குளிக்க, உடை மாற்ற, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற ஆள் வேண்டும் என்றால் தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள். நம் வீடுகளில் இந்த வேலையை அம்மாவோ அண்ணனோ மனைவியோ சத்தமில்லாமல் செய்துவிடுகிறார்கள். விசா விதிகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அமெரிக்காவில் மாணவர் எஃப்-1 விசாவில் போனால் கூடவே எஃப்-2 விசாவில் வரக்கூடியவர்கள் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், அவ்வளவுதான். அம்மா, அப்பா, தம்பி வர வேண்டுமென்றால் பி-2 வருகையாளர் விசாவில்தான் முயற்சி செய்ய வேண்டும். அப்படிக் கேட்க விதியில் வழி இருக்கிறது, ஆனால் கொடுப்பதும் எத்தனை மாதம் தங்கவிடுவது என்பதும் அதிகாரி கையில். இங்கிலாந்தில் நிலைமை இன்னும் இறுக்கம்: 2024 ஜனவரியில் இருந்து சாதாரண ஒரு வருட முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் கணவன் மனைவியைக்கூட டிபெண்டன்டாக அழைத்துப் போக முடியாது, ஆராய்ச்சிப் படிப்புக்கும் அரசு உதவித்தொகைப் படிப்புக்கும் மட்டும்தான் விலக்கு.

சரி, அங்கேயே ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றால் அதன் செலவு மணிக்கணக்கில் ஏறும். அமெரிக்கச் சட்டத்தில் வகுப்புக்கான உதவி பல்கலைக்கழகத்தின் கடமை, உங்கள் உடம்புக்கான உதவி உங்கள் பொறுப்பு. அதாவது சைகை மொழிபெயர்ப்பாளர், குறிப்பெடுப்பவர், மாற்று வடிவில் புத்தகம் எல்லாம் அவர்கள் தர வேண்டும், அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கக்கூடாது, நீங்கள் வெளிநாட்டு மாணவர் என்பதால் மறுக்கவும் கூடாது. 1973ஆம் ஆண்டு ரீஹாபிலிடேஷன் சட்டத்தின் 504ஆவது பிரிவும் 1990ஆம் ஆண்டு ஏடிஏ சட்டமும் இதைச் சொல்கின்றன. வீல்சேர், செவித்துணைக் கருவி, குளிப்பாட்ட ஆள், இவை உங்கள் செலவு. அந்த நாட்டுக் குடிமக்களுக்கு இதற்கு மெடிகெய்ட் மாதிரி அரசுத் திட்டம் கைகொடுக்கும், மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது கிடைக்காது. இங்கிலாந்திலும் விசாவிலேயே அரசு உதவிநிதி எதையும் நாடக்கூடாது என்று நிபந்தனை இருக்கும்.

இந்த விஷயத்தில் நான் எல்லோரிடமும் சொல்லும் பெயர் அமெரிக்காவில் அர்பானா-ஷாம்பேனில் இருக்கும் இலினாய் பல்கலைக்கழகம். போரில் காயம்பட்டு வந்தவர்களுக்காக 1948இல் டிமோத்தி நுஜென்ட் அதன் கேல்ஸ்பர்க் கிளையில் ஆரம்பித்து மறு வருடம் அர்பானா-ஷாம்பேனுக்குக் கொண்டுவந்த மாற்றுத்திறனாளி மாணவர் திட்டம் இன்றும் ஓடுகிறது. அவர் பெயரிலேயே ஒரு விடுதி, அதில் பெக்வித் என்ற தனிப்பிரிவு. துணையாளர் தேவைப்படும் மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்களை எப்படித் தேடி வேலைக்கு வைப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே பழக்குகிறார்கள். ஊரும் சமதரை. குளிர்காலத்தில் பனி கொட்டும், அது வேறு கதை. இதற்கும் கட்டணம் உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். அங்கே போகாவிட்டாலும் பரவாயில்லை, மற்றப் பல்கலைக்கழகங்களிடம் "இந்த மாதிரி உங்களிடம் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்க ஒரு அளவுகோலாவது கிடைக்கும்.

துணையாளர் தேவையில்லை என்றால் பாதிப் பாரம் இறங்கியது. அப்புறம் பார்க்க வேண்டியது யார் செலவு ஏற்கிறார்கள் என்பது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தேவையான மாற்றங்களைச் செய்துதர வேண்டும், அந்தச் செலவை மாணவர் தலையில் கட்டக்கூடாது என்கிறது. ஆனால் அந்த நாட்டு மாணவர்களுக்கு அரசு தரும் டிஎஸ்ஏ என்ற உதவித்தொகை நமக்குக் கிடையாது, ஆகவே நமக்கான செலவு பல்கலைக்கழகத்தின் பையில் இருந்துதான் வர வேண்டும். சிலர் இதற்கென்று நிதி வைத்திருப்பார்கள், சிலர் கேட்டால் இழுப்பார்கள். "வெளிநாட்டு மாணவருக்கு உங்கள் நிதியில் உச்சவரம்பு உண்டா, எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும்) வருடத்துக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள் (இந்தத் தொகை அவ்வப்போது ஏறும்). நமக்கு அங்கே இருக்கும் பெரிய சௌகரியம் காப்பீடு: 30 வயதுக்குள் இருக்கும் மாணவர் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிடலாம், ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி அவர்கள் விலக்க மாட்டார்கள். 30 தாண்டினால் தனியார் பக்கம் போக வேண்டிவரும், அங்கே விலக்குவார்கள். தேர்வுச் சலுகைக்கு அங்கே நாக்டைல்ஸ்அவுஸ்க்ளைஷ் (Nachteilsausgleich) என்று பெயர், வாயில் நுழைகிறதோ இல்லையோ மின்னஞ்சலில் அந்தச் சொல்லைப் போட்டுக் கேளுங்கள், சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

ஆஸ்திரேலியாவுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மாணவர் விசாவுக்கும் உடல்நல நிபந்தனை உண்டு. உங்கள் உடல்நிலையால் அந்த நாட்டு அரசுக்கு ஆகக்கூடிய செலவை மருத்துவ அதிகாரி கணக்குப் போடுவார். 2024 ஜூலையில் இருந்து அந்த வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர். அதைத் தாண்டும் என்று அவர் எழுதினால் விசா சிக்கல்தான். காலிப்பர் போட்டு நடப்பவரோ பார்வையற்றவரோ இதைக் கேட்டு மிரள வேண்டாம், தொடர் டயாலிசிஸ் மாதிரிச் செலவு பிடிக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன்னாலேயே அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள்

அட்மிஷன் கிடைத்த பிறகு எழுதலாம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகமும் சேர்க்கை அலுவலகமும் பெரும்பாலும் வேறு வேறு, இவர்களிடம் கேட்டது அவர்களுக்குப் போகாது. எட்டு இடத்துக்கு எழுதினால் மூன்று இடத்தில் இருந்து நல்ல பதில் வரும். அந்த மூன்றுக்கு மட்டும் விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். பதில் வந்த விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். "நாங்கள் எல்லோரையும் அரவணைக்கிறோம்" என்று இரண்டு வரி வந்தால் அது ஏஜென்சிப் பேச்சின் ஆங்கில வடிவம். "எந்தத் துறை? அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் சிறியது, உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேள்வி கேட்கிறவர்கள்தான் உங்கள் ஆட்கள்.

வீல்சேர்க்காரர்கள் கேட்க வேண்டியது: என் துறையின் வகுப்புகளும் ஆய்வகமும் எந்தக் கட்டடத்தில், அங்கே படியில்லாமல் நுழைய முன்வாசலா பின்வாசலா, விடுதியில் இருந்து அங்கே போகும் வழி ஏற்றமா இறக்கமா, பனி விழுந்தால் எத்தனை மணிக்குள் தள்ளிச் சுத்தம் செய்வார்கள், நகரப் பேருந்தில் சாய்தளம் உண்டா. லண்டனில் பேருந்துகள் எல்லாவற்றிலும் வீல்சேர் ஏறும், சுரங்க ரயிலிலோ 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் படியில்லாமல் போக முடியும். ஆக "ஸ்டேஷன் பக்கத்திலேயே ரூம்" என்ற விளம்பரம் நமக்கு ஒன்றையும் சொல்லவில்லை. அறையைப் பற்றிப் போட்டோவும் அளவும் கேளுங்கள். அமெரிக்காவில் கதவுத் திறப்பு குறைந்தது 32 அங்குலம் என்பது ஏடிஏ தரம், நம் ஊர் நாற்காலிகள் அதில் நுழைந்துவிடும். மாட்டிக்கொள்வது குளியலறையில். மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற அறை என்று சொல்லிவிட்டுத் தொட்டியும் அதன் மேல் ஒரு பலகையும் வைத்திருப்பார்கள். உங்களுக்கு நாற்காலியோடு உள்ளே போகும் ஷவர் வேண்டுமென்றால் அதையே சொல்லிக் கேட்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அழுத்தினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்வையற்றவர்கள் கேட்க வேண்டியது: பாடப் பட்டியல் எத்தனை வாரத்துக்கு முன்னால் கிடைக்கும், புத்தகங்களைப் படிக்கத்தக்க கோப்பாக மாற்றித் தர எத்தனை நாள் எடுப்பார்கள், கணக்கு, வரைபடம், சமன்பாடு இருக்கும் பாடத்துக்கு என்ன செய்கிறார்கள், வளாகத்தில் வழி பழக்கிவிடப் பயிற்றுநர் வருவாரா. பனி விழுந்தால் நடைபாதை விளிம்பு கோலுக்குத் தட்டுப்படாது, சுற்றுப்புறச் சத்தமும் மாறிவிடும். ஆகவே முதல் குளிர்காலத்துக்கு முன்னால் அந்தப் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

காது கேளாதவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது மொழியை. இந்திய சைகை மொழி தெரிந்தால் அமெரிக்காவில் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அமெரிக்க சைகை மொழி முழுக்க வேறு. எழுத்துக்களைக் காட்டுவதே அவர்கள் ஒரு கையால், நாம் இரண்டு கையால். வாஷிங்டனில் இருக்கும் காலாடெட் பல்கலைக்கழகம் 1864இல் இருந்து காது கேளாதோருக்காகவே நடப்பது, வகுப்பே சைகை மொழியில். நியூயார்க் மாநிலம் ராசெஸ்டரில் ஆர்ஐடி பல்கலைக்கழக வளாகத்துக்குள் என்டிஐடி என்ற காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்ப நிறுவனம் 1968இல் இருந்து மாணவர்களைச் சேர்க்கிறது, தொழில்நுட்பப் படிப்பு என்றால் அதைப் பாருங்கள். சாதாரணப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், வகுப்பில் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அதை மனிதர் செய்கிறாரா மென்பொருள் செய்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள், பேராசிரியரின் உச்சரிப்பு கொஞ்சம் மாறினாலும் மென்பொருள் உளறும்.

எஸ்ஓபியில் குறைபாட்டைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் இல்லை. சேவை அலுவலகத்திடம் சொன்னது சேர்க்கைக் குழுவுக்குப் போகாது, எனவே அங்கே பயப்படாமல் சொல்லலாம். எஸ்ஓபியில், நீங்கள் படிக்கப் போகும் விஷயத்தோடு அதற்குச் சம்பந்தம் இருந்தால், மதிப்பெண்ணில் விழுந்த ஓட்டையை விளக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி மூன்று பத்தி வேண்டாம். அதைப் படித்துக் கண்கலங்கி யாரும் சீட் தருவதில்லை.

மொழித் தேர்வு

இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது, வரிசை. டோஃபல், ஜிஆர்ஈ நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்திடம் முதலில் சலுகைக்கு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகுதான் தேதி எடுக்க வேண்டும். தேதி எடுத்துவிட்டுச் சலுகை கேட்டால் கதை திரும்ப முதலில் இருந்து. ஒப்புதலுக்குப் பல வாரம் ஆகும், கூடுதல் ஆவணம் கேட்டால் இன்னும் இழுக்கும். ஐஇஎல்டிஎஸ்ஸில் பிரெய்ல், பெரிய எழுத்து மாதிரி மாற்று வினாத்தாள் வேண்டுமென்றால் மையத்திடம் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காது கேளாதவர்களுக்கு உதட்டசைவைப் பார்த்து எழுதும் தனி வடிவம் ஐஇஎல்டிஎஸ்ஸில் உண்டு, டோஃபலில் கேட்டல் பகுதியையே விட்டுவிட அனுமதி கேட்கலாம். அப்படி விட்டால் மதிப்பெண் பட்டியல் அரைகுறையாக வரும், அதை ஏற்றுக்கொள்வார்களா என்று பல்கலைக்கழகத்திடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம்

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஒன்று இருக்கிறது, நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும், வருடத்துக்கு 20 பேர், அதில் 6 இடம் பெண்களுக்கு. 40 சதவீதமாவது இருக்க வேண்டும் (இங்கே மட்டும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்), வயது 35க்குள். குடும்ப வருமான வரம்பும் மதிப்பெண் வரம்பும் உண்டு, அந்தந்த வருட அறிவிக்கையில் பாருங்கள். நாடு முழுக்க 20 என்பது ரொம்பக் குறைவு என்று திட்டலாம், திட்டிவிட்டு விண்ணப்பியுங்கள்.

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை. முதுகலைக்குக் கேட்பவருக்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும், அவர்களுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. தேர்வானவருக்கு மாற்றுத்திறன் சார்ந்த கூடுதல் செலவைத் தனியாகக் கேட்க வழி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டாட் (DAAD) உதவித்தொகையிலும் அதே மாதிரி உண்டு. ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்கும் எராஸ்மஸ் முண்டஸில் மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், மாற்றுத்திறனாளிக்குத் தனித்தேவை நிதியும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் யோசியுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு புது விடுதி, புது அலுவலகம், புதுக் கடிதம். வெள்ளைக்கோலோடு ஒவ்வொரு ஊரையும் புதிதாகப் பழக வேண்டும். அது பிடித்தவர்களுக்கு அருமையான படிப்பு.

பட்டம் வேண்டாம், சில வாரமோ ஒரு செமஸ்டரோ போய் வந்தால் போதும் என்றால் பரிமாற்றத் திட்டங்கள் இருக்கின்றன. ஆரிகன் மாநிலம் யூஜீனில் மொபிலிட்டி இன்டர்நேஷனல் யுஎஸ்ஏ என்ற அமைப்பு இதற்காகவே 1981இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவரான சூசன் சைகல் வீல்சேரில் இருப்பவர், ரோட்டரி உதவித்தொகையில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் படித்தவர். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்காக அவர்கள் 1997இல் ஆரம்பித்த தலைமைப் பயிற்சிக்குப் பல நாடுகளில் இருந்து பெண்கள் போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் இணையதளத்தில் மாற்றுத்திறன் வகை வாரியாகப் பயணக் குறிப்புகள் கிடக்கின்றன, எங்கே போவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போங்கள். உங்கள் கல்லூரியே ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறது என்றால், அங்கே உங்களுக்கான வசதிக்கு யார் பணம் தருவது, இவர்களா அவர்களா என்று கிளம்புவதற்கு முன் கேளுங்கள். இரண்டு பக்கமும் "அவர்கள்" என்றுதான் சொல்லுவார்கள், அதை நீங்கள் இங்கே இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும்.

காப்பீடு, மருந்து

அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கும் பயணக் காப்பீடு வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே உள்ள பாதிப்புக்கு ஒரு டாலர் தர மாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் காப்பீடு விலை அதிகம்தான், அதையே எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் செல்லுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியதும் அரசு மருத்துவம் கிடைத்துவிடும். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் காசு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மருந்துகளை அசல் அட்டையில், வேதிப்பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில் எடுத்துப் போங்கள். சென்னையில் இருந்து பெரும்பாலான பயணம் துபாய், அபுதாபி, தோஹா வழியாகத்தான். டிராமடால் மாதிரி வலி மருந்துகளில் ஐக்கிய அரபு அமீரகம் ரொம்பக் கெடுபிடி, முன் அனுமதி வாங்க வேண்டியவற்றின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஜப்பானுக்கு என்றால் ஏடிஹெச்டி மருந்துகளில் ஆம்ஃபெட்டமின் வகைக்கு அனுமதியே கிடையாது.

விமானம்

டிக்கெட் போட்ட கையோடு விமான நிறுவனத்துக்குப் போன் செய்து உங்கள் தேவையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்குள் குறியீடுகள் உண்டு. டபிள்யூசிஹெச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது. டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படி ஏற முடியாது. டபிள்யூசிஹெச்சி என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் பொதுவாக "வீல்சேர்" என்று போட்டுவிட்டால் அது பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் போகும், அப்புறம் விமான வாசலில் நின்று வாதாட வேண்டியதுதான். டிக்கெட்டில் எந்த எழுத்து ஏறியிருக்கிறது என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரி வகையும் வாட்-ஹவர் அளவும் உள்ள தாளைத் தயாரிப்பாளரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300 வாட்-ஹவர், அதைக் கழற்றிக் கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட்தான், நம் 230 வோல்ட் சார்ஜர் அங்கே சும்மா கிடக்கும். உங்கள் நாற்காலி உடைந்து வந்தால், சர்வதேசப் பயணத்தில் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இழப்பீட்டுக்கு வரம்பு இருக்கிறது, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். நாற்காலி அதைவிட விலை கூடியது என்றால், செக்-இன் செய்யும்போதே சிறப்பு மதிப்பு அறிவிப்பு எழுதிக் கொடுத்தால் அந்த மதிப்பு வரை கேட்கலாம். ஒப்படைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், மெத்தை, ஜாய்ஸ்டிக் மாதிரி கழலக்கூடியவை எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டயர் டியூப், பேரிங், போல்ட், அந்த அளவுக்கான ஸ்பானர், எல்லாம் ஊரில் இருந்தே கொண்டுபோய்விடுங்கள். அங்கே ரிப்பேர்க் கடையில் நாள் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

போய் இறங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே சேவை அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து பேசி, உங்களுக்கு ஒப்புக்கொண்ட வசதிகளின் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் அதை ஒவ்வொரு செமஸ்டரும் நீங்களேதான் புதுப்பித்து ஒவ்வொரு பேராசிரியருக்கும் அனுப்ப வேண்டும், போன செமஸ்டர் கொடுத்தார்களே என்று சும்மா இருந்தால் தேர்வு அன்று ஒன்றும் இருக்காது. பேராசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கடிதத்தில் வசதிகள் மட்டும்தான் இருக்கும். நம் ஊர் மரியாதையில் "பரவாயில்லை சார், சமாளிச்சுக்கறேன்" என்று வாயில் வந்துவிடும். சொன்னால் அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

உடம்பு முடியாமல் பாடங்களைக் குறைக்க வேண்டி வந்தால் எஃப்-1 மாணவர் தானாக ஒரு பாடத்தைக்கூட விடக்கூடாது. மருத்துவக் காரணத்துக்குக் குறைந்த பாடச்சுமை என்று ஒரு அனுமதி உண்டு, ஒரு பட்டத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை. மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியலாளரோ தரும் கடிதத்தோடு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் பாடத்தை விட வேண்டும். முன்பின் மாற்றினால் விசா போய்விடும். இங்கிலாந்தில் ரயிலில் அதிகம் போகிறவர்கள் மாற்றுத்திறனாளி ரயில் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும், செவித்துணைக் கருவி அணிபவர்களுக்கும் உண்டு.

ஒப்புக்கொண்டதைச் செய்யவில்லை என்றால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அன்றைக்கே தேதி போட்டு ஒரு மின்னஞ்சல், "இந்த வகுப்பில் இது நடக்கவில்லை, எப்போது நடக்கும்" என்று இரண்டே வரி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 504 அல்லது ஏடிஏ ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார், அடுத்து அவருக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புகார் நடைமுறையை முழுக்க முடிக்க வேண்டும், முடிந்ததற்கு ஒரு கடிதம் தருவார்கள். அது வந்த 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயேச்சை முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், மாணவருக்குக் கட்டணம் இல்லை. அங்கே அவர்கள் முதலில் கேட்பது அந்த இரண்டு வரி மின்னஞ்சல்களைத்தான்.